மெக்கானிக் சம்மணம் போட்ட நாள்

போன வருஷம் குன்னம் பக்கம் மக்காச்சோளம் அறுவடையாகிக் கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. எனக்கு வீடு பெரம்பலூரில், வேலை குன்னத்தில். சிறு வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களும் செயல்படாது. ஆனால் கார் ஓட்டுவேன். ஸ்டியரிங் பக்கத்தில் கைப்பிடி ஒன்று உண்டு. இழுத்தால் ஆக்சிலேட்டர், தள்ளினால் பிரேக். அதிலிருந்து இரண்டு கம்பிகள் கீழே பெடல்களுக்குப் போகும். கியர் மாற்றும் வேலை இல்லை. அந்தக் கார் வந்த பிறகுதான், இவளை யார் கொண்டுபோய் விடுவது என்ற பேச்சே வீட்டில் ஒழிந்தது.

அதன் எஞ்சின் ஒரு நாள் கையை விரித்துவிட்டது. தெரிந்த மெக்கானிக் வேறொரு காரின் எஞ்சினை வாங்கிப் பொருத்தி, சென்சார் ஒயர்களையும் புதிதாக இழுத்துக் கொடுத்தார். முதல் நாளே வேகத்தடையைப் பார்த்து பிரேக் போட்டேன், எஞ்சின் பொசுக்கென்று அணைந்தது. பின்னால் வந்த சிமென்ட் லாரி இடிக்காத குறையாக ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.

மெக்கானிக் எடுத்துப்போய் அரியலூர் வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. கம்ப்யூட்டரில் பார்த்தால், எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சாரின் சிக்னல் நடுவில் விட்டுப்போவதாகக் காட்டியதாம். சென்சாரை மாற்றினார். எஞ்சினைச் சுற்றியிருந்த ஒயர்களையெல்லாம் தடவிப் பார்த்தார். அப்போதும் அவருக்கு ஓடியது, எனக்கு நின்றது. காருக்கு என்மேல் மட்டும் ஏதோ கோபம் போலிருக்கிறது!

"நீங்க பயந்து பயந்து ஓட்டுறீங்களோ என்னமோக்கா" என்றார் தயங்கிக்கொண்டே.

"வித்துடலாம்மா. தெனம் நானே பைக்ல கொண்டாந்து வுட்டுடுறேன்" என்றார் அண்ணன். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் மறுபடியும் ஒருவர் கொண்டுபோய் விடுவதற்காக நான் காத்திருக்க வேண்டும். அதைவிட மோசம், என் ஓட்டுதலை நானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன்.

அடுத்த முறை காரை ஒப்படைக்க வந்த மெக்கானிக், இறங்கி மண்டியிட்டு அந்த இரண்டு கம்பிகளையும் மாட்டிக் கொண்டிருந்தார்.

"இதை எப்பங்க கழட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"ஓட்டிப் பாக்கறப்பல்லாம் கழட்டிருவேங்க்கா. காலை இடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் இத்தனை நாளும் என் காரை என்னைப் போல ஒருவருமே ஓட்டிப் பார்க்கவில்லை!

"கம்பி அப்படியே இருக்கட்டும். காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டு, கையாலயே ஓட்டுங்க" என்றேன்.

மனிதருக்குக் கூச்சம். ஆனாலும் மறுக்கவில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில், சம்மணம் போட்டபடி காரை மெதுவாக உருட்டினார். பக்கத்து சீட்டில் நான். கொஞ்ச தூரம் போனதும் பிரேக் போடச் சொன்னேன். கைப்பிடியை அழுத்தித் தள்ளினார். எஞ்சின் அணைந்தது.

நான் கைதட்டிவிட்டேன். கண்ணீரும் வந்துவிட்டது. கார் நின்றதற்காக அப்படிச் சந்தோஷப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் புதிதாக இழுத்த ஒயர்க் கட்டு, பிரேக் கம்பியை ஒட்டிப் போயிருந்தது. பிரேக்கை அழுத்தித் தள்ளும்போதெல்லாம் கம்பி அதை நசுக்கியதில், அந்தச் சென்சாருக்குப் போகும் ஒயரின் தோல் கிழிந்திருந்தது. கம்பி அதில் பட்டதும் சிக்னல் விட்டுப்போய் எஞ்சின் அணைந்திருக்கிறது. அந்த ஒயரை மாற்றி, ஒயர்க் கட்டை மறுபக்கமாக ஒதுக்கிக் கட்டினார். அதன்பிறகு அந்தக் கார் எனக்கும் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் யாராவது "எனக்கு நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னால் நான் வாயடைத்துப் போவதில்லை. என் இடத்தில் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள் என்று தைரியமாகக் கேட்டுவிடுகிறேன்.