கூட்டு ரோட்டுக்கு ஒரு காவலர்

எங்கள் தெருவில் தெலுங்கு எழுத்து படிக்கத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வரதய்யபாளையத்துக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்து, ஆபீஸ் காகிதம் என்றால் தெலுங்கு மட்டும். மருமகள்களாக வந்தவர்கள் எல்லாம் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம். தெலுங்கு பேசினால் புரியும், எழுத்து ஓடாது. நான் இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, பத்தாவது வரை தெலுங்கில் படித்தவள். ரேஷன், பென்ஷன், பேங்க் கடுதாசி எது வந்தாலும் என் வாசலுக்குத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

என் கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பிள்ளை ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியதும் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையில் குல்லா மாட்டிக்கொண்டு, சின்னச் சின்ன பாகங்களைக் கோக்கிற வேலை. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு மிக்ஸி வாங்கி வந்தாள். "உனக்குக் கை நோவுதுன்னு சொல்லிக்கினே இருந்தியேக்கா" என்றாள். "எதுக்குடி வீண் செலவு" என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சம்பாதிக்கப் போனதிலிருந்து இரண்டு குடும்பத்துச் சமையலும் என் தலையில் விழுந்திருந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு. மிக்ஸியில் தினமும் சட்னி அரைத்துக்கொண்டே எரிந்தேன்.

கம்பெனி பஸ் அவளை மாலையில் கூட்டு ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மைல் நடை, ஒரு பக்கம் முழுக்கத் தைலமரத் தோப்பு. தோப்பில் குடித்துவிட்டு பைக்கில் சுற்றுகிற கூட்டம் ஒன்று இருந்தது. ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறான்கள். "அவருகிட்ட சொல்லிடாதக்கா, வேலய வுட்டுடுன்னுடுவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் சொல்லவில்லை.

அவளும் அவளோடு வேலை பார்க்கிற நாலு பெண்களும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு மனு எழுதிக்கொண்டு போனார்கள். ஆள் இல்லை, பஞ்சாயத்து சம்பளம் கட்டினால் ஒரு ஹோம் கார்டு காவலரை அனுப்புகிறோம் என்றார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் பஞ்சாயத்து தன் கையிலிருந்து கட்டியது. தொப்பை வைத்த ஒரு மனிதர் வந்தார். கையில் தடி, கழுத்தில் விசில், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான். பைக்குகள் போன இடம் தெரியவில்லை. அதுவரைக்கும் மூச்சு வாங்க வந்தவள், பிறகு வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கொறித்துக்கொண்டே சாவகாசமாக வந்தாள். பாதிக் கடலையைப் பிள்ளைகளுக்கு மீதி வைத்திருப்பாள்.

மூன்று மாதம் முடிந்தது. சம்பளத்துக்குப் பணம் இல்லை. வீட்டு வரியோடு மாதாமாதம் கொஞ்சம் காவல் கட்டணம் சேர்த்து வசூலிக்கலாமா என்று கேட்க கிராம சபையைக் கூட்டினார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு டீ விலை வந்தால் அதிகம். ஆனால் வரி என்ற பேச்சை எடுத்ததுமே ஊர் முறைத்துக்கொண்டது. வீட்டு வரியை அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், பெயருக்குத்தான் பெண், ஆள்வதெல்லாம் அவர் புருஷன். அந்த ஆள் போட்ட ரோடு முதல் மழைக்கே பல்லிளித்தது. என் நைனாவின் பென்ஷன் நின்றுபோனபோது அவரிடம் ஆறு தடவை நடந்திருக்கிறேன். "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்பார், பார்க்கவே மாட்டார். அவர் கூட்டிய சபையில் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பேன்?

பஞ்சாயத்து ஆபீசான சச்சிவாலயத்து வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். எழுந்து கேட்டேன். "போலீசுக்கு சம்பளம் குடுக்க வேண்டியது கவர்மெண்டு. நாம ஏன் குடுக்கணும்? நாளைக்கு ஆஸ்பத்திரி டாக்டருக்கும் நாமதான் குடுக்கணுமா?" கைதட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் கேள்வி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். "எங்க ஊட்ல யாரும் கம்பெனிக்குப் போவல, நாங்க ஏன் கட்டணும்?" என்றார் ஒருத்தர். "என் எருமைய ஓட்டிக்கினு போனானுங்களே, அப்ப எங்க போனாரு உங்க கார்டு?" என்றார் இன்னொருவர். ஒரே சிரிப்பு. பஞ்சாயத்து செகரட்டரி நல்ல மனுஷன். கத்துகிற கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், "மீரே சதவண்டி அம்மா" என்று தீர்மானத்தை என்னிடம் நீட்டினார். நீங்களே படியுங்கள் என்று.

தெலுங்கைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு இவ்வளவு, மாதாமாதம், கட்டாவிட்டால் வரி பாக்கியோடு சேரும். அதையெல்லாம் நன்றாக அழுத்தி, உரக்கவே படித்தேன். கடைசியில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. இந்தக் கட்டணம் ஒரு வருஷத்துக்கு மட்டும், அதற்குப் பிறகு சம்பளத்தை ஸ்டேஷனே ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. பென்ஷன் வாங்குகிற முதியவர்கள் வீட்டுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டையும் கண்ணால் படித்தேன். வாயால் படிக்கவில்லை. "அவ்ளோதான்" என்று காகிதத்தை மடித்தேன். வரி பாக்கி என்றதுமே எழுந்த கூச்சலில் செகரட்டரிகூட அதைக் கவனிக்கவில்லை.

ஏன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சர்பஞ்ச் புருஷன்மேல் இருந்த கோபம் பாதி. அந்த நேரத்துக் கைதட்டல் கொஞ்சம். மீதி அந்த அடுப்புதான். அவள் வீட்டில் இருந்தால் என் பாரம் குறையும் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அதை எழுதவே கூசுகிறது.

சரி என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள். ஐந்தாறு கைதான் எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னாலேயே அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்மானம் விழுந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னை மெச்சாத ஆள் இல்லை. அன்றைக்கு நான் வயிறு நிறையத் தின்றேன்.

அந்த வாரமே நாற்காலி போய்விட்டது. ஒரு மாதம் தாண்டவில்லை, பைக்குகள் திரும்பி வந்தன. ஒரு சாயங்காலம் குறுக்கே வண்டியை நிறுத்தி மறித்திருக்கிறான்கள். வேலி முள்ளில் விழுந்து, கை கிழிந்து, ரத்தத்தோடு வந்தாள். இந்தத் தடவை புருஷனிடம் மறைக்க முடியவில்லை. "நாளைலருந்து கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கொழுந்தன் முடித்துவிட்டான். "நீ சொன்னா கேப்பாருக்கா" என்று அவள் என்னைப் பார்த்தாள்.

போய்ப் பேசினேன். "தெனமும் கூட்டு ரோட்டுக்கு நான் போயி இட்டுக்கினு வரேம்பா. வேலய வுட வேணாம்" என்றேன்.

அவன் சத்தம்கூடப் போடவில்லை. "காவலே வேணாம்னு சபையில நீதான அண்ணி சொன்ன?" என்றான்.

ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க அவளோடு நான்தான் கம்பெனி வாசல் வரைக்கும் போனேன். நீலக் கோட்டை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. அதைத் துவைத்து மடித்து டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்தாள். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் கேட்ட சுகம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு சொல் குத்திப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அக்கா, உப்பு பாரு" என்று கரண்டியை நீட்டுவாள்.

இரண்டு வருஷம் போனது. இதற்குள் சித்தூர் ஜில்லாவாக இருந்த நாங்கள் திருப்பதி ஜில்லா ஆகிவிட்டோம். சர்டிபிகேட்டில் ஜில்லா மாறியது, தோப்பு அப்படியேதான் இருந்தது. பத்தாவது படிக்கிற ஒரு பெண் பயந்துபோய் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. நானே செகரட்டரியிடம் போய் அந்தப் பழைய தீர்மானத்தை மறுபடியும் சபையில் வைக்கச் சொன்னேன். ஸ்டேஷனிலும் பழையபடியே எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை கடைசி வாக்கியம் வரைக்கும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். "ஒரு வருஷம்தானா? இத மொதல்லயே சொல்லியிருந்தா அப்பவே கட்டியிருப்போமே!" என்று எருமைக்காரரே கையைத் தூக்கினார்.

காவலர் வந்தார், நாற்காலி வந்தது. அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். மத்தியானமே திரும்பிவிட்டாள். "முப்பது தாண்டினவங்கள எடுக்கறது இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைய உட்கார்ந்தாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படிக்காமல் விட்ட இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

"இன்னாடி தெரியும்?"

"கம்பெனியில எங்க பாத்தாலும் தெலுங்கு போர்டுதான். படிச்சிப் படிச்சி எழுத்து வந்துடுச்சி. அன்னைக்கி உன் பின்னாடிதான நின்னுக்கினு இருந்தேன். கடைசி வரைக்கும் படிச்சேன்."

"அப்பவே ஏண்டி சொல்லல? அங்கியே என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கக் கூடாதா?"

அவள் அரிசித் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டே சொன்னாள். "ஊரே கேக்க உன்னப் பொய்க்காரின்னு எப்டிக்கா சொல்லுவேன்? ஊட்டுக்கு வந்ததும் நீயே சொல்லுவ, மறுநாளே போயி மாத்தி எழுத வைக்கலாம்னு பாத்துக்கினு இருந்தேன். இன்னைக்கிச் சொல்லுவ, நாளைக்கிச் சொல்லுவன்னு தெனமும் பாத்துக்கினுதான் இருந்தேன்."