திரும்பும்போது மட்டும் கேட்கும் சத்தம்

டக்... டக்... டக்...

போன ஞாயிறு, சர்ச் முடிந்து எங்கள் திருமுல்லைவாயில் தெருவுக்குள் காரைத் திருப்பும்போது முன்சக்கரத்தின் பக்கமிருந்து வந்தது இந்தச் சத்தம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு பால்பாயின்ட் பேனா. ப்ளஸ் டூ படித்த வருடம் முழுக்க, கணக்கு வராதபோதெல்லாம் மகள் ஜெனி பேனாவின் தலையை இப்படித்தான் அமுக்கிக்கொண்டிருப்பாள். அந்த வருடம் வீட்டின் நாடித்துடிப்பே அதுதான்.

அந்த ஜெனிக்கு இப்போது ஒசூரில் வேலை. சேர இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் அவளுக்கு அவசரம். அன்று மதியமே எங்கள் எஸ்.யூ.வி.யை எடுத்துக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு — தனியாக. நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான். வண்டியில் குறை இருக்கக் கூடாது. இருந்தால் பயணம் அடுத்த வாரம்.

நேராகப் போனால் சத்தமில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் டக் டக். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறதே ஆக்சில்... அதன் முனையில் இருக்கும் ஜாயின்ட் தேய்ந்தால் இப்படித்தான் பேசும் என்பார்கள்.

எனக்கு ஏன் அவ்வளவு உற்சாகம்?

பக்கத்துக் காலி மனையில் ஜெனியை வட்டமடிக்கச் சொன்னேன். குனிந்து, காதைத் தீட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். எதிர்வீட்டு சேகர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, குனிஞ்சிகினே கூட போற? வண்டி எதுனா ரகசியம் சொல்லுதா?"

"திரும்பும்போது சத்தம் வருது சேகர்."

"எட்டு வருசமா ஊட்ல கீது. கெளம்ப சொன்னா முனகாம இன்னா பண்ணும்?"

வண்டியை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து வைத்தோம். யாருடைய காதுகுத்துக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸை விரித்துப் படுத்தேன். டார்ச் அடித்தேன். ஜாயின்ட்டைப் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக... கிழிந்திருந்தால் கிரீஸ் தெறித்திருக்க வேண்டும். விரலை விட்டுத் தடவினேன். வெறும் தூசி. ஆக்சிலைப் பிடித்து ஆட்டினேன். அசைய மறுத்தது. அடுத்த பக்கமும் போய்ப் பார்த்தேன். இவ்வளவு ஆரோக்கியமாக ஒரு வண்டி இருக்க வேண்டுமா?

மனைவி ரூபியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஏங்க, கெடச்சுதா?"

"எது?"

"நீங்க தேடுறது."

டார்ச்சைத் திருப்பினேன். டயரின் வெளி ஓரத்துப் பள்ளத்தில் ஏதோ மின்னியது. ஜல்லிக்கல். செம்பரம்பாக்கம் பக்கம் மனை பார்க்கப் போனபோது ஏறி உட்கார்ந்திருக்கும். நேராக ஓடும்போது தரையில் படாது. திரும்பினால் அந்த ஓரம் அழுந்தும். அழுந்தினால்... டக்.

"என்னப்பா, ஆக்சிலா?" ஜெனி குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு கவலை.

'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல். மெக்கானிக்குக்கும் அன்று லீவு. ஒரு வாரம் சுலபமாகக் கிடைத்திருக்கும். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் சொல்வதை யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

"கல்லும்மா," என்றேன். "ஸ்க்ரூ டிரைவர் எடு."

நெம்பியதும் தெறித்து ஃப்ளெக்ஸில் விழுந்தது. சுண்டைக்காய் அளவுதான். பெற்றவர்கள் குறை கண்டுபிடிப்பதெல்லாம் பெரும்பாலும் தவணை கேட்கத்தான் என்று அந்தக் கல்லைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை வரை கூட நடந்தேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பியவள், வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"இப்ப ஏதாவது சத்தம் கேக்குதாப்பா?"

"இல்லம்மா... ஒண்ணுமே கேக்கல."