அமாவாசை என்று பெயர் வைத்த கதை

என் சித்தியின் குரல் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலைவிட ஒரு படி மேல். பார்க்கிற வேலையோ ஆட்களை அமைதிப்படுத்துவது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் தைரியம் சொல்லி, மெக்கானிக்கை அனுப்பிவைக்கும் ஒன்பது பேருக்கு அவர்தான் தலைவி. ஐந்து பேர் ஆபீஸில், நான்கு பேர் அவரவர் வீட்டில். சித்தி வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் எங்கள் சாப்பாட்டு மேசை. அந்த இரண்டு நாளும் இடுப்புவரை அதிகாரி, அதற்குக் கீழே பழைய நைட்டி.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களில் ஒருவர் கேமராவே போடமாட்டார். காலை மீட்டிங்கில் அவருடைய கட்டம் மட்டும் கறுப்பாக இருக்கும். அவருக்கு அமாவாசை என்று பெயர் வைத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒழுங்காக வந்த ஒரே பாடம் பட்டப்பெயர் வைப்பதுதான். சித்தி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அந்தப் பெயரை ஆபீஸுக்கும் கொண்டுபோய்விட்டார்.

ஒருநாள் சித்தி வீட்டில் இருந்தார். மீட்டிங் முடிந்தது. ஆபீஸில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் இணைப்பைத் துண்டிக்காமல் அரட்டையில் இறங்கினார்கள்.

"மேடம், அமாவாசை இன்னைக்காவது உதிச்சுதா?"

"போர்வைக்குள்ள இருந்து எப்படிப்பா உதிக்கும்?" என்றார் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"மேடம், நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்" என்றது ஒரு நிதானமான குரல். "லீவு கேக்கலாம்னு காத்திருந்தேன்."

மத்தியானம் அவரிடமிருந்து மெயில் வந்தது. இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறாராம். இருட்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களைக்கூட இரண்டே நிமிடத்தில் சிரிக்கவைப்பவர் அவர் ஒருவர்தான். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. நான் சாப்பிடுவதுபோல் நடித்துச் சமாளித்தேன்.

"தனியா ஒரு போன் போட்டு மன்னிப்பு கேட்டுடேன் சித்தி."

"கேலி பண்ணது கூட்டத்துலடி. மன்னிப்பு மட்டும் சந்துலயா?"

மறுநாள் காலை ஆபீஸ்காரர்களை அவரவர் இடத்திலிருந்து தனித்தனிக் கட்டமாக வரச் சொன்னார்.

"பக்கத்து சீட்டுக்காரனோட கம்ப்யூட்டர்லயா பேசணும் மேடம்?"

"ஆமா. அஞ்சு பேர் ஒரு மேசையில கூடிட்டா வீட்ல இருக்கிற நாலு பேர் ஜன்னலுக்கு வெளிய நிக்கிற மாதிரி ஆயிடுது. இனிமே எல்லாரும் ஜன்னல்தான்." பிறகு குரலை இறக்கினார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "நேத்து நான் சொன்னது தப்பு. நீங்க கேட்டுட்டதால இல்ல. கேக்கலைன்னாலும் தப்புதான். கேமரா போடறதும் போடாததும் உங்க இஷ்டம், யாரும் காரணம் கேக்கமாட்டாங்க. வேலையை விடாதீங்கன்னு கேக்கறேன்."

நான் நகத்தைக் கடித்தேன். கடைசியில் கறுப்புக் கட்டத்தின் மைக் திறந்தது.

"ஒரே ரூம் மேடம். அப்பா படுத்த படுக்கை. கேமரா போட்டா அவரைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க. அவருக்கு அது பிடிக்காது."

பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் குறுக்கே வந்தது. "யாருடா மாட்டிக்கிட்டாங்க? முதல்ல உக்காரச் சொல்லு."

"இப்படித்தான் மேடம். நாள்பூரா கேட்டுக் கேட்டு அவருக்கும் வேலை அத்துப்படி."

நேற்று முதலில் வாயைத் திறந்த ஆபீஸ்காரர் தொண்டையைச் செருமினார். "உக்காந்துட்டோம்பா. அடுத்து என்ன பண்ணணும்?"

"பட்டனைப் போட்டு அமுக்காதே. என் பையன் சொல்றதைக் கேளு."

"சரிப்பா" என்றன எட்டுக் கட்டங்களும், முன்னே பின்னே.

கறுப்புக் கட்டம் சிரித்தது. "அந்த மெயிலை அழிச்சிடுங்க மேடம். நான் கேட்ட லீவு மட்டும் வியாழக்கிழமை வேணும், அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிப்போகணும்."

"எடுத்துக்கோங்க" என்றார் சித்தி, மறுபடியும் தெருவுக்கே கேட்கும் குரலில்.