மோட்டார் சைக்கிளுக்கும் துக்கம் என்று நினைத்தேன்

என் குண்டு ராசா, இன்று நான் பட்ட அசிங்கத்தைக் கேளுங்கள்.

உங்கள் எடைக்குப் போதாது என்று மோட்டார் சைக்கிளில் பெரிய எஞ்சினை மாற்றி வைத்தீர்கள். அடுத்த வாரமே கண்ணை மூடிவிட்டீர்கள். அன்றிலிருந்து அது ஏற்றம் வந்தால் முனகிக்கொண்டு நின்றுவிடும்.

அதற்கும் உங்களை நினைத்துத் துக்கம் என்று நம்பினேன். விபூதி பூசி, மாலை போட்டு, "அழாதே, நான் இருக்கேன்" என்று தடவிக் கொடுத்தேன்.

இன்று ட்ரியோலே சந்தைக்குக் கத்திரிக்காய் விற்கப் போகும்போது நடுவழியில் நின்றது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் மாலையைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றினார்.

"ஐயோ, அக்கா! எஞ்சின் பெரிசு, புகைக்குழாய் பழைய சின்னது. மூச்சு விட முடியலை."

"துக்கம் இல்லையா?"

"துக்கம் உங்களுக்கு. வண்டிக்கு வேற குழாய் வேணும்."

"மாத்தினா சத்தமும் மாறுமா?"

"மாறாம? மாத்தலேன்னா தினமும் தள்ளிக்கிட்டே போங்க."

தீவுக்கே சுதந்திரம் வரப்போகிறதாம். நான் ஒரு துருப்பிடித்த குழாய்க்கு அழுதேன்.

எஞ்சினுக்கு ஏற்ற குழாயை மாட்டி, கார்புரேட்டரையும் திருத்திக் கொடுத்தார். ஏற்றத்தில் வண்டி பறந்தது. நான் அலறிய அலறலில் பாதிக் கத்திரிக்காய் ரோட்டில். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தப் பழைய சத்தம் தெருமுனையில் கேட்டதும்தானே உங்களுக்குத் தேநீர் வைப்பேன்.

ராசா, இந்தப் புதுச் சத்தத்தோடு வீடு திரும்புகிறவள் நான்தான் என்று உங்களுக்குத் தெரிகிறதா?