நூலோடு வந்த நீலம்

1986, மாசி மாதத்துச் சனிக்கிழமை. காலை 4.50-க்குத் திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். கட்டணம் மூன்று ரூபாய் அறுபது காசு. பையில் நீருக்குள் பார்க்கும் கண்ணாடி, இரண்டு பாட்டில், பார்மலின், நிறத்துக்கு ஒரு நூலாக எண் போட்டு ஒட்டிய எம்பிராய்டரி நூல்கடை ஷேடு கார்டு.

கார்டுக்குக் காரணம் உண்டு. நான் கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். போன மாதம் கோட்டக்குப்பம் பக்கத்துக் கடலில் ஓடில்லாத கடல் நத்தை ஒன்றைப் பிடித்து, கெடாமல் இருக்கப் பார்மலினில் போட்டேன். ஊர் சேர்வதற்குள் வெளுத்துவிட்டது. நீலம் என்று சொல்லியும், துறைத்தலைவர் பதிவேட்டில் 'நிறமற்றது' என்றே எழுதினார்.

6.40. கோட்டக்குப்பத்துக்கு வடக்கே மீனவர் குப்பம். போன மாதம் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போன அந்தோணி அண்ணன் வல்லத்தைத் தள்ள, அவர் மனைவி பிலோமினா அக்காவும் ஏறினார்.

"துன்னவும் ஆவாது, விக்கவும் ஆவாது. அதுக்கு பஸ்ஸு ஏறி வர்றியேம்மா," என்றார் அக்கா.

"நீ இன்னாத்துக்கு வர்ற?" என்றார் அண்ணன்.

"அது மூஞ்ச பாக்கத்தான்."

கரையில் மாதா கோயில் சிலுவையும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்ததும் அண்ணன் துடுப்பை நிறுத்தினார். கடலடிப் பாறை அங்கேதான். ஆழம் மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி. நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். எங்கள் பம்புசெட் கிணற்றில் பழகிய மூச்சு.

மூன்று முறை கலங்கலும் பாசியும்தான். நான்காவது முறை, பாறை இடுக்கில் சுண்டுவிரல் நீளத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. முதுகில் பூவாக விரிந்த செவுள். பக்கத்தில் இன்னொன்று. ஆறு எண்ணினேன். அடுத்த முறை ஒன்றை உயிரோடு பாட்டிலில் பிடித்து மேலே கொண்டுவந்தேன்.

கடலடியில் பழுப்பாகத் தெரிந்த அதன் ஓரம் வெயிலில் ஆரஞ்சாக எரிந்தது. கார்டைப் பாட்டிலோடு வைத்து ஒரு நூலைக் காட்டினேன்.

"அது இல்லம்மா, அதுக்கு மேல கீதே, அது," என்றார் அக்கா. அவர் சொன்னதுதான் சரி.

உடல் நீலம், ஓரம் ஆரஞ்சு, கொம்பு ஊதா. மூவரும் ஒத்துக்கொண்ட நூலை மட்டும் வெட்டி, எண்ணோடு நோட்டில் ஒட்டினேன். அக்கா கீழே கையெழுத்துப் போட்டார்.

"என் பேரு காலேஜுக்குப் போவுதா?"

"போகுதுக்கா."

பிறகுதான் பார்மலின் ஊற்றினேன். திரும்பும் பஸ் கிளியனூரைத் தாண்டும்போது பாட்டிலில் இருந்தது வெள்ளை நத்தை. போன மாதம் இதே இடத்தில் அழுதிருந்தேன். இந்த முறை வறுத்த மல்லாட்டை வாங்கி, தோலை உரித்துக் கடலையைத் தின்றேன்.

திங்கட்கிழமை துறைத்தலைவர் நோட்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு 'நிறமற்றது' என்பதை அடித்துவிட்டு, மூன்று நூல்களையும் பதிவேட்டில் தன் கையாலேயே ஒட்டினார்.

"யாரும்மா இந்த பிலோமினா?"

"நிறம் பார்த்தவங்க சார்," என்றேன். அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார்.