துணி மாற்றிக்கொண்டு வரும் வரை

இன்று காலையிலிருந்து மகள் ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஜீப், கூடாரம், மணல்மேடு, பாலைவன யானை எல்லாம் முடிவாகிவிட்டது.

"பாலைவனத்து ஓரமா ஒரு கிராமத்துல அரை மணி நேரம் நிறுத்துவாங்கப்பா. ஜனங்களைப் போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள்.

எனக்கு அறுபதுகளில் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போன எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. வீடுகளை இடிப்பதற்கு முன் ஒரு நாள், சுரங்க வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர்களின் மனைவிமார் கேமராவோடு ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

அம்மா அப்போதுதான் வயலில் கொல்லி வேலை முடித்து வந்திருந்தாள். "டிரைவரண்ணே, கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. துணி மாத்திக்கினு வந்துடறோம்" என்று எங்களை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள். அழுக்குத் துணியோடு யாராவது போட்டோவுக்கு நிற்பார்களா? முகம் கழுவி, பவுடர் பூசி, பொங்கல் சட்டை மாட்டி வெளியே வந்தால் ஜீப்பைக் காணோம்.

வீட்டை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் வீடும் போயிற்று. அந்த இடம் இப்போது பெரும்பள்ளம். எங்களிடம் அந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை.

"அங்க யாராவது வூட்டுக்குள்ள ஓடினா, திரும்பி வர்ற வரைக்கும் நில்லும்மா" என்றேன்.

"டிரைவர் நிக்கணுமேப்பா" என்றாள்.

எந்த வெளிநாட்டு ஆல்பத்திலாவது ஆளே இல்லாத ஒரு கூரை வீடு கண்ணில் பட்டால் சொல்லுங்கள். ஆள் இருக்கிறோம். உள்ளே தலை வாரிக்கொண்டிருக்கிறோம்.