பொட்டு வைத்த அடப்டரும் வாகரை முட்டைகளும்

காலை 6.45, களுவாஞ்சிக்குடி. புதுக்கார் வீட்டுக்கு வந்து ஒன்பதாவது நாள். மின்சாரக் கார். இருக்கை முதுகைப் பிடித்துவிடுகிறது. கிட்டப் போனால் கதவின் கைபிடி தானாக வெளியே நீண்டு வரவேற்கிறது. ஸ்பீக்கர் மட்டும் பதினாறு. இத்தனையும் இருந்த காரில் அன்று காலை போதாமல் இருந்தது மின்சாரம்தான். முதல்நாள் பிளக்கைச் செருகிய நான் சுவரிலிருந்த சுவிட்சைப் போடவில்லை. முப்பது வருடமாக ஹாட்வெயார் கடையில் சுவிட்ச் விற்கிறவன் நான்.

திரையில் பற்றரி 58 வீதம். வாகரைக்குப் போய்வர 190 கிலோமீற்றர். தாராளமாகக் காணும் என்று கணக்குச் சொன்னது; வயிறு நம்ப மறுத்தது. வாகரையில் இருக்கிற என் மனைவியின் தங்கை வசந்திக்குக் காரைக் காட்டத்தான் பயணம். அவள் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், அதுவரை ஏ.சி. போடாமல் சிக்கனமாக ஓட்டலாம் என்று முடிவெடுத்தேன்.

"அப்ப இந்தக் கார் என்னத்துக்கு? பழைய மோட்டச்சைக்கிள்ள காத்தாவது வரும்" என்றாள் மனைவி லோகா.

கண்ணாடியை முழுதாக இறக்கினாலும் மின்சாரம் கூடச் செலவாகும் என்று எங்கோ வாசித்திருந்தேன். அதனால் நாலு விரற்கடை மட்டும் இறக்க அனுமதி கொடுத்தேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காலை 7.55, சித்தாண்டி. 48 கிலோமீற்றர் ஓடியிருந்தோம். முருகன் கோயிலுக்கு முன்னால் நிறுத்தி வாகனப் பூசை செய்யவேண்டும் என்பது லோகாவின் நேர்த்தி. நான்கு சில்லுக்கும் கீழே வைத்து நசுக்கத் தேசிக்காய் வாங்கினேன், நூறு ரூபா. கோயில் ஐயா கற்பூரம் கொளுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்டாட் பண்ணுங்க."

"ஸ்டாட்லதான் ஐயா இரிக்கி."

அவர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "சரி, பொனட்டத் திறங்க. இஞ்சினுக்குப் பொட்டு வைப்பம்."

இந்தக் காரின் பொனட்டுக்குள் இஞ்சின் கிடையாது. சாமான் வைக்கிற பெட்டிதான் இருக்கிறது. பின்னால் பூசைக்கு நின்ற இரண்டு ஓட்டோக்காரர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு விலை கொடுத்தவனுக்கு இஞ்சினே கொடுக்கவில்லை என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? பெட்டிக்குள் காரோடு சேர்த்துத் தந்த அடப்டர் ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதைக் காரில் மாட்டினால் காரின் மின்சாரத்தை வெளியே எடுத்து வீட்டுச் சாமான்களை ஓட்டலாமாம். சேர்த்து வைத்த மின்சாரத்தை வெளியே விட யாருக்கு மனம் வரும் என்று அதை நான் தொட்டும் பார்த்ததில்லை.

"இதுதான் ஐயா" என்று உறையைப் பிரித்து அதைக் காட்டினேன்.

"சின்னனா இரிக்கே?"

"புது மொடல்."

ஐயா பக்தியோடு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செவ்வரத்தம்பூவும் சாத்தினார். லோகா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வேறுபக்கம் திரும்பி நின்றாள். காரில் ஏறியதும் கேட்டாள்: "முருகனுக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல உங்களுக்கு எப்பிடிகா மனம் வந்த?"

காலை 9.10, காயான்கேணிப் பக்கம். வீதியில் மாட்டுக் கூட்டம். இந்தப் பக்கத்து மாடுகள் வாகனச் சத்தத்தைக் கேட்டு விலகிப் பழகியவை. சத்தமே இல்லாமல் வந்த என்னை அவை வாகனமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஹோர்ன் அடித்தேன். ஒரு எருமை வந்து பொனட்டை முகர்ந்துபார்த்தது. பூவின் வாசனையாக இருக்கலாம். பதினொரு நிமிடம் நின்றோம். உள்ளே வியர்வை முழங்கால்வரை வந்துவிட்டது.

காலை 10.05, வாகரை. 95 கிலோமீற்றர், மீதி 38 வீதம். வசந்தி வாசலுக்கு ஓடி வந்தாள். "கார் வடிவா இரிக்கி அத்தான்" என்றாள். ஆனால் அவள் கண் காரில் இல்லை.

"பிளக் எங்க இரிக்கி?" என்றேன். வந்த வீட்டில் நான் கேட்ட முதல் நலம் விசாரிப்பு அது.

"கரண்ட் இல்ல அத்தான். காலம்பற ஏழு மணிக்குப் போனது. வயர்ல மரம் விழுந்து கிடக்காம். பகல் ரெண்டு மணி ஆகுமாம்."

அப்போதுதான் உள்ளறையைப் பார்த்தேன். குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குக் கம்பளி, பழைய சேலை, மெத்தை உறை என்று வீட்டில் இருந்த எல்லாவற்றையும் போர்த்தி வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கோழிகளின் முட்டைகளை அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பொரித்ததும் பத்துக்கு இரண்டு குஞ்சு அவளுக்கு. உள்ளே 264 முட்டைகள். யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் பென்சிலால் பெயரின் முதலெழுத்து. அன்று இருபதாவது நாள். விடிந்தால் பொரிக்க வேண்டியவை.

"போன முறையும் இப்பிடித்தான் கரண்ட் போய் முழுக்கப் பழுதாப்போச்சு. ஒருத்தரும் ஏசல்ல. பேசாமக் கூழ்முட்டையத் தூக்கித்துப் போனாங்க. இந்த முறையும் போனா மறுகா ஆர் எனக்கிட்ட முட்டை தருவா?"

முப்பத்தேழரையில் நிற்கவேண்டிய சூடு முப்பத்துமூன்றில் நின்றது. "காத வச்சுப் பாருங்க அத்தான்" என்றாள். வைத்தேன். ஓட்டுக்குள்ளேயிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம், ஒன்றல்ல, பல.

லோகா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வீடு திரும்ப இருபது வீதமாவது வேண்டும். நான் மின்சாரம் கேட்டு வந்தவன்.

"உங்கட புது மொடல் இஞ்சின எடுங்க" என்றாள் லோகா.

பூவை எடுத்து வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தேன். சந்தனம் விரலில் ஒட்டியது. அடப்டரைக் காரில் மாட்டி, சார்ஜுக்கென்று கடையிலிருந்து கொண்டுவந்த நீள எக்ஸ்டென்ஷன் வயரை யன்னல் வழியாக உள்ளே விட்டேன். மெஷின் இயங்கவில்லை. வசந்தியின் முகம் செத்துப்போனது.

"வயர்ல சுவிட்ச் இரிக்கி" என்றாள் லோகா.

போட்டேன். பல்ப் எரிந்தது, சிறிய விசிறி சுற்றத் தொடங்கியது.

காலை 10.40 முதல் மதியம் 2.10 வரை. இந்த நேரத்தில் நான் அடைந்த பெருமிதத்தை வாசகர் தயவுசெய்து மன்னிக்கவேண்டும். நடுவழியில் கார் நின்று, பனிச்சங்கேணிப் பாலத்தில் நான் தனியாகத் தள்ளிக்கொண்டு போவதுபோலவும், வாகரைப் பெண்கள் வரிசையாக நின்று கண்ணீர் விடுவதுபோலவும் மனதில் ஓடியது. வேலியருகே வந்து எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பூமணியக்கா, "அது என்னகா, காருக்குச் சேலைன் ஏத்துறீங்களா?" என்றார்.

"இல்லக்கா, கார்தான் உங்கட முட்டைக்கு ஏத்துது" என்றாள் வசந்தி. அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

பதினொன்றரைக்குச் சூடு முப்பத்தேழரைக்கு வந்தது. வசந்தி இறால் சொதியும் சோறும் போட்டாள். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திரையைப் பார்த்தேன். 38. மறுபடியும் 38. பிறகு 37. 2.10க்குக் கரண்ட் வந்தபோது 36.

"எவ்வளவு போயித்து அத்தான்?" வசந்தி கவலையோடு கேட்டாள்.

எப்படிச் சொல்வது? "ரெண்டு" என்றேன்.

"ரெண்டா!" லோகா எழுந்தே விட்டாள். "இருநூத்தி அறுபத்திநாலு முட்டைக்கு மூண்டரை மணித்தியாலம் சூடு குடுக்க எள்ளுப்போல ரெண்டு வீதம். அதுக்கா என்னைக் களுவாஞ்சிக்குடியில இரிந்து அடை வச்சுக் கூட்டி வந்தீங்க? இன்னம் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா நானும் பொரிச்சிருப்பன்!"

வசந்தி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சார்ஜ் போட்டுவிட்டுப் போங்கள் என்றாள். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வருகிற கரண்டில் அந்த விசிறி நிம்மதியாகச் சுற்றட்டும்.

பிற்பகல் 3.30, புறப்பாடு. ஏ.சி. பதினெட்டில். லோகா சால்வையால் போர்த்திக்கொண்டு ராணிபோல உட்கார்ந்திருந்தாள்; நான் நடுங்கினேன்.

மாலை 4.50, சித்தாண்டி. முருகனிடமும் ஐயாவிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இறங்கினேன். ஐயா முழுவதையும் கேட்டார்.

"இஞ்சின் இல்லயா அது?"

"இல்ல ஐயா."

"வேல செஞ்சதா?"

"செஞ்சது."

"அப்ப பொட்டக் கழுவிராதீங்க" என்றுவிட்டு உள்ளே போனார்.

கார் நகர்ந்ததும் வசந்தியின் அழைப்பு வந்தது. ஒன்பது நாளில் அந்தப் பதினாறு ஸ்பீக்கரையும் நான் விதவிதமாகப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு சத்தம் அவற்றில் வந்ததில்லை. "அத்தான், முதலாவது வந்திட்டு! 'பூ' போட்ட முட்டை, பூமணியக்காட. கேக்குதா?"

முன்னாலும் பின்னாலும் கதவிலும் கூரையிலும் ஈரக் குஞ்சொன்று கீச்சிட்டது. ஏ.சி.யின் இரைச்சலில் பாதி அமுங்கிப் போனது.

லோகா சால்வையை எடுத்துவிட்டு, கையை நீட்டி, தானாகவே ஏ.சி.யை நிறுத்தினாள். கண்ணாடியையும் இறக்கவில்லை. செங்கலடிவரை இரண்டு பேரும் வியர்த்து ஒழுகியபடி அந்தக் கீச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தோம்.